இரண்டு சொட்டு மாஞ்சாறும் ஒரு நீலக் கோடும்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைக்குப் பெங்களூரா பழ லோடு வந்தால், லேபில் முதலில் கைக்கு வருவது ஒரு சாண் நீளக் குழல். சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர், வாய்வழக்கில் பிரிக்ஸ் மீட்டர். பேட்டரி கிடையாது. நுனியில் கண்ணாடிப் பட்டகம், உள்ளே லென்ஸும் அளவுகோலும், அவ்வளவுதான்.

ஒளி தண்ணீருக்குள் நொடிக்குச் சுமார் 2,25,000 கி.மீ. போகும். 100 கிராம் கரைசலில் 15 கிராம் சர்க்கரை இருந்தால், அதாவது 15 பிரிக்ஸ் என்றால், 2,21,000 ஆகக் குறையும். வேகம் குறையக் குறைய ஒளி கூடுதலாக வளையும்; அதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் 1.333இலிருந்து 1.356க்கு ஏறும். இவ்வளவு சின்ன ஏற்றம் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது?

சாற்றிலிருந்து பட்டகத்துக்குள் நுழையும் கதிர், முகப்பை உரசிக்கொண்டே வந்தாலும், ஓர் எல்லைக் கோணத்தைத் தாண்டி உள்ளே போகாது. எல்லைக்கு இந்தப் பக்கம் வெளிச்சம், அந்தப் பக்கம் இருட்டு. பட்டகம் 1.52 எண் உள்ள கண்ணாடி என்று வையுங்கள்: தண்ணீருக்கு எல்லை 61.3 பாகை, 15 பிரிக்ஸுக்கு 63.1. இடைவெளி இரண்டு பாகைகூட இல்லை. அதை லென்ஸ் அளவுகோல்மேல் விழச் செய்து பெரிதாக்குகிறது. நீலமும் வெள்ளையும் சேரும் கோடுதான் அளவு.

முதலில் காய்ச்சி வடித்த நீர் வைத்துத் திருகாணியால் கோட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். துடைத்து உலர்த்தி, இரண்டு மூன்று சொட்டுச் சாறு, மூடி, அரை நிமிடம் பொறுத்து, வெளிச்சம் பார்த்துப் பிடிக்கலாம். கோடு மங்கலா? நாரோ காற்றுக் குமிழோ இருக்கும். மெல்லிய துணியில் பிழிந்து மறுபடி வையுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் அளவு குறையும்.

பெரிய வம்பு சூடுதான். அளவுகோல் 20 டிகிரி செல்சியஸுக்குப் போட்டது. சூட்டில் சாறு விரிந்து அடர்த்தி குறைய, ஒளி வளைவதும் குறையும். 30 டிகிரியில் 15 பிரிக்ஸ் சாறு ஏறக்குறைய 14.3 என்று காட்டும். கூழுக்கு 14 பிரிக்ஸாவது கேட்கும் இடத்தில் இது சின்ன வித்தியாசமில்லை. தானே சரிசெய்யும் மீட்டரிலும் அடுப்பிலிருந்து இறங்கிய கூழை அப்படியே வைக்கக் கூடாது.

இன்னொன்று: கருவி பார்ப்பது வளைவை, இனிப்பை அல்ல. சிட்ரிக் அமிலமும் ஒளியை வளைக்கும். அதுவும் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே புளிப்பை அமிலச் சோதனையில் தனியே பார்க்கிறார்கள்.

சாற்றை எஃகுக் கரண்டியால் வைக்காதீர்கள். பட்டகத்தில் கீறல் விழுந்தால் கோடு மங்கும். அதைத் திருகாணி சரிசெய்யாது.