பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல சைக்கிள் ஓட்டுறவங்களுக்கு

ஐப்பசி கார்த்திகை வந்துட்டா பொள்ளாச்சில எங்க கிளினிக்குக்கு முட்டி வலின்னு வர்ற சைக்கிள்காரங்க கூடிருவாங்க. ஃபிசியோதெரபிஸ்டா நான் முதல்ல கேக்குறது, எந்தப் பக்கம் ஓட்டுனீங்கன்னுதான். முக்காவாசிப் பேரு மீனாட்சிபுரம் தாண்டி கொல்லங்கோடு, இல்லன்னா கோபாலபுரம் வழியா கேரளாவுக்குள்ள போனேன்னு சொல்வாங்க. போறப்ப நல்லாத்தாங்க இருந்துச்சு, திரும்பி வர்றப்பதான் முட்டி புடிச்சுக்கிச்சுன்னு சொல்றாங்க.

காரணம் காத்துதாங்க. ஆனைமலைக்கும் நீலகிரிக்கும் நடுவுல 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத சந்து இருக்குது, அதுதான் பாலக்காட்டுக் கணவாய், குளிர் காலத்துல கிழக்குக் காத்து அந்தச் சந்துல நெருக்கியடிச்சுட்டு கேரளா பக்கம் போகும், பாலக்காட்டுக்காரங்க இதை விருச்சிகக் காத்துன்னு சொல்வாங்க. நீங்க 20 கிலோமீட்டர் வேகத்துல போறீங்க, எதிர்ல 15 கிலோமீட்டர் வேகத்துல காத்து வருதுன்னா உடம்பு மேல மோதுறது 35, காத்தோட தடை வேகத்தோட வர்க்கத்துல கூடுறதால காத்தில்லாத நாளைவிட 3 மடங்கு ஆயிரும். அதுவும் கால் சோர்ந்துபோன நேரத்துல, வேர்த்த பனியனோட, வெறும் முட்டில சில்லுனு காத்து அடிக்க, பெரிய கியர்ல போட்டு மிதிச்சா முட்டிச்சில்லுக்குப் பின்னாடி அழுத்தம் ஏறாம என்ன பண்ணும்?

அதனால கார்த்திகைல இருந்து மாசி வரைக்கும் முதல்ல உடுமலை ரோட்டுல கிழக்க போங்க, கால் புதுசா இருக்கறப்பவே எதிர்காத்தை முடிச்சுட்டு வரும்போது காத்து தள்ளிட்டு வரட்டும். முதல் கால்மணி நேரம் லேசான கியர்ல சும்மா சுத்துங்க, எதிர்காத்துல வேகத்தை விட்டுக்குடுங்க, நிமிசத்துக்கு 80 சுத்து மிதிக்கிற மாதிரி கியர் இருந்தா போதும். முட்டியை மூடுற மாதிரி பேண்ட் போடுங்க. காட்டன் பனியன் வேர்வைய உறிஞ்சி வெச்சுக்கும், சீக்கிரம் காயற பாலியெஸ்டர் ஜெர்சி போட்டு மேல மெல்லிசா ஒரு விண்ட்சீட்டர் போட்டா நல்லது. இந்தக் காத்து ரொம்ப வறண்ட காத்துங்க, குளிர்ல தாகமும் தெரியாது, வேர்வையும் கண்ணுக்குத் தெரியாமயே காஞ்சிரும், அதனால தாகம் எடுக்கலன்னாலும் அப்பப்ப ரெண்டு மடக்கு தண்ணி குடிச்சுட்டே போங்க. ஆஸ்துமா இருக்கறவங்க மூக்கை மூடி துணி கட்டிட்டு, இன்ஹேலரை பாக்கெட்ல வெச்சுட்டுத்தான் கிளம்பணும்.

ஐப்பசி மழை வேற கதை. கொஞ்ச நாள் காஞ்சுட்டு மழை புடிச்ச முதல் அரைமணி நேரம்தான் ரொம்ப வழுக்கும், ரோட்டுல இருக்கற ஆயிலும் தூசியும் சேந்து மேல வந்துரும். நம்ம பக்கம் மட்டை லாரில இருந்து விழுந்த தேங்கா மட்டை, நார் மில்லு பக்கத்துல ஈரமான நார்த்தூள், இது மேல டயர் ஏறினா பிரேக்கும் புடிக்கக் கூடாது, ஹேண்டிலும் திருப்பக் கூடாது, நேரா விட்டுருங்க. ரயில்வே கேட்ல தண்டவாளத்தை நேர் குறுக்கா கடங்க. ரிம் பிரேக் (சக்கர விளிம்பை ரப்பர் கட்டை அமுத்திப் புடிக்கற பிரேக்) நனைஞ்சா உடனே புடிக்காது, முன்னாடியே லேசா அமுத்தி தண்ணியத் துடைச்சுட்டு அப்புறம் அழுத்துங்க. கேரளா பக்கம் ஒரு கைல குடைய புடிச்சுட்டே ஓட்டுறதைப் பாக்கறப்ப எனக்கு நெஞ்சு பதறுது, அந்தக் காத்துல குடை மடங்குனா ஆள் ரோட்டுக்கு நடுவுலதான் விழணும்.

செயினுக்குத் தேங்கா எண்ணெய் போடாதீங்க, 24 டிகிரிக்குக் கீழ அது உறைஞ்சிரும், மார்கழி காலைல செயின்ல மெழுகாட்டம் ஒட்டி தூசியெல்லாம் சேத்துக்கும்.

மார்கழி, தை மாசத்துல விடியவே ஆறரை தாண்டிரும், அஞ்சரைக்குக் கிளம்புறவங்க முன்னாடி வெள்ளை லைட்டு, பின்னாடி சிவப்பு லைட்டு இல்லாம வீட்டு கேட்டைத் தாண்டாதீங்க. கணுக்கால்ல ரிஃப்ளெக்டர் பட்டை கட்டுங்க, மிதிக்கிறப்ப அது மேலயும் கீழயும் ஆடறதால சைக்கிள்னு டிரைவருக்குச் சட்டுனு புரியும். ஐயப்ப சீசன்ல ராத்திரி முழுக்க கண்ணு முழிச்சு ஓட்டிட்டு வர்ற வண்டிங்க நம்ம ரோட்டுலதான் போகுது. தைப்பூசம் நெருங்குனா பழனிக்கு நடக்கறவங்க இருட்டுல ரோட்டோரமாப் போவாங்க, நம்ம லைட்டு அவங்களைப் பாக்கறதுக்கும்தான்.

ஒரு விசயம் பெத்தவங்களுக்கு. ப்ளஸ் ஒன் பிள்ளைங்களுக்கு அரசாங்கம் குடுக்கற சைக்கிள் சீட்டை எந்த உயரத்துல வந்துச்சோ அதே உயரத்துல விட்டுடறாங்க, பிள்ளை வளந்துட்டே இருக்கும், கியரும் கிடையாது, எதிர்காத்துல முட்டிய மடக்கி மடக்கி மிதிச்சு முன்பக்கம் வலி வந்துருது. பிள்ளைய சீட்டுல உக்கார வெச்சு, பெடல் அடில இருக்கறப்ப குதிகாலை அது மேல வெக்கச் சொல்லுங்க, கால் நேரா நீளணும், மடங்குச்சுன்னா சீட்டை ஏத்துங்க, எட்டலன்னா இறக்குங்க, ஒரு ஸ்பேனர் இருந்தா அஞ்சு நிமிச வேலை. சீட்டை மாத்தி ரெண்டு வாரம் ஆகியும் வலி குறையலன்னா, இல்ல முட்டி வீங்கியிருந்தா, தைலம் தேச்சுட்டு இருக்காம கூட்டிட்டு வாங்க.