ஷார்ட்ஸ்டாப்: 'குறுநிறுத்தர்' அல்ல, இடைமறிப்பாளர்

கொடைக்கானலில் பள்ளிகளுக்கிடையே பேஸ்பால், சாஃப்ட்பால் ஆட்டம் நடந்தால் ஒலிபெருக்கியில் ஷார்ட்ஸ்டாப் என்ற ஆட்டக்காரருக்குக் 'குறுநிறுத்தர்' என்று ஒரு சொல் முழங்குகிறது. சில நாள் அது 'குறுநிறுத்தம்' ஆகிவிடுகிறது. அச்சிட்டுக் கொடுக்கும் விதித்தாளிலும் அதேதான். ஷார்ட் என்றால் குறு, ஸ்டாப் என்றால் நிறுத்தம்; அகராதியை இரண்டு தடவை புரட்டியதும் வேலை முடிந்தது. வத்தலக்குண்டிலிருந்து ஏறிவரும் பஸ் பெருமாள்மலையில் சற்று நின்று போகிறதே, அதற்கு வேண்டுமானால் இந்தப் பெயரை வைக்கலாம்.

ஷார்ட்ஸ்டாப் என்பவர் இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் (தளம் என்றால் 'பேஸ்', ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடம்) இடையில் நிற்கும் களத்தடுப்பாளர். ஸ்கோர் தாளில் அவர் எண் 6. வலக்கை ஆட்டக்காரர்கள் தரையோடு அடிக்கும் பந்து பெரும்பாலும் இந்தப் பக்கமே பாய்ந்து வரும். குனிந்து எடுத்து, நிமிரும்போதே களத்தின் குறுக்கே முதல் தளத்துக்கு எறிய வேண்டும். பேஸ்பாலில் அடுத்தடுத்த தளங்களுக்கு இடையே 90 அடி. இவர் எறிவது பல நேரம் அதைவிடத் தூரம். இடக்கைக்காரரை இங்கே நிறுத்துவது அரிது. எறிவதற்கு அவர் உடம்பைத் திருப்பியாக வேண்டும்; அதற்குள் ஓடுபவர் தளம் சேர்ந்துவிடுவார். கால் வேகமும் கை வலுவும் போதாது, எந்தத் தளத்தை யார் மூடுவது என்று கூவிச் சொல்லும் தலைமையும் வேண்டும். (நம் ஊர்த் திடல்களில் பந்து எந்தக் கல்லில் பட்டு எங்கே துள்ளும் என்ற ஞானமும் வேண்டும்.)

இந்த இடம் பிறந்த கதை எளிது. 1849-50 வாக்கில் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் பேஸ்பால் குழுவில் டாக்டர் டேனியல் ஆடம்ஸ் இந்த இடத்தில் முதலில் நின்றதாகச் சொல்வார்கள். அன்றைய பந்து இலேசானது, வெகுதூரம் எறிய வராது. தளங்களுக்கு அப்பாலுள்ள வெளிக்களத்திலிருந்து வருவதை வாங்கி உள்ளே கொடுப்பதுதான் அவர் வேலை. பந்து கெட்டியானபின் உள்களத்திலேயே நிலைத்துவிட்டார். பழைய கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பருக்குப் பின்னால் தொலைவில் நிற்பவர் 'லாங் ஸ்டாப்'. அங்கே லாங் என்பது தொலைவு, இங்கே ஷார்ட் என்பது அண்மை. ஸ்டாப் இரண்டிலும் பந்தை நிறுத்தும் ஆள்.

இப்போது 'குறு'வைப் பாருங்கள். குறுந்தொகை, குறும்படம், குறுநில மன்னர்: எல்லாம் அளவில் சிறியவை. அண்மை என்ற பொருள் எங்கே இருக்கிறது? தொடர்ந்து 2,632 ஆட்டங்கள் ஆடிய அமெரிக்க பேஸ்பால் வீரர் கால் ரிப்கன், அவற்றில் பெரும்பாலானவற்றில் ஷார்ட்ஸ்டாப்பாக நின்றவர், உயரம் ஆறடி நான்கு அங்குலம். அவரைக் குறு என்று எந்தக் கணக்கில் அழைப்பது? உள்களத்துக்கே தளபதி போன்றவரைக் குறுநில மன்னராக்குவதும் நியாயமில்லை.

'நிறுத்தர்' அதைவிட மோசம். ஓட்டுநர், நடத்துநர் என்று பஸ்ஸிலேயே எழுதியிருக்கிறது. அந்த வழியில் போனாலும் 'நிறுத்துநர்' என்றுதான் வர வேண்டும். 'நிறுத்தர்' என்றால் மலைப்பூண்டு மண்டியில் தராசு பிடிப்பவர் என்றல்லவா காதில் விழுகிறது?

'இடைக்காவலர்' என்று ஒரு நண்பர் சொன்னார். 'இடை' சரி, அதை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் காவலர் என்ற சொல்லைப் போலீஸ்காரர் எடுத்துக்கொண்டு வெகுகாலமாகிவிட்டது.

என் பரிந்துரை இடைமறிப்பாளர். இரண்டு தளங்களுக்கு இடையே நிற்கிறார், பாய்ந்து வரும் பந்தை மறிக்கிறார். இடமும் தொழிலும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. மறித்தல் செத்த சொல்லும் அல்ல. சாலை மறியல் தெரியாதவர் தமிழ்நாட்டில் உண்டா? மன்னவனூர்ப் புல்வெளியில் மந்தையை விட்டு விலகி ஓடும் ஆட்டையும் மறித்துத்தான் திருப்புகிறார்கள். 'கால்பந்திலும் பந்தை இடைமறிக்கிறார்களே' என்பார்கள். கால்பந்தில் அது ஒரு செயல், இங்கே ஓர் ஆளின் பெயர். குழப்பம் வராது.

இதுவும் பிடிக்காவிட்டால் ஷார்ட்ஸ்டாப் என்றே எழுதுங்கள். 1845-இல் அமெரிக்க மிஷன்காரர்கள் வீடு கட்டிக் குடியேறிய ஊர் இது. அந்த ஒலி நம் காதைக் குத்தாது. குத்துவது அரைகுறைத் தமிழாக்கம். இலங்கைத் தமிழர் களத்தடுப்பு, துடுப்பாட்டம் என்று ஆட்டத்தைப் பார்த்துச் சொல் செய்தார்கள். நம்மவர்கள் ஆட்டத்தைப் பார்க்காமலே மொழிபெயர்க்கிறார்கள். அதே விதித்தாளில் வெளிக்களத்தின் இடப்பகுதியான லெஃப்ட் ஃபீல்டுக்கு 'விட்டுச்சென்ற களம்' என்று போட்டிருந்தது! இடது களம், ஐயா. அதுவும் பந்தை அடிப்பவர் பக்கமிருந்து பார்க்கும் இடது. மூன்றாம் தளத்துக்குப் பின்னால் இருக்கும் பகுதி. அடுத்த முறை அச்சிடும்போது சொல் அகப்படவில்லையென்றால் ஷார்ட்ஸ்டாப்புக்கு 6, இடது களத்துக்கு 7 என்று வெறும் எண்ணையாவது போடுங்கள். ஸ்கோர் எழுதும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.