பாப்கார்ன் சீலிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

வட அமெரிக்காவில் பழைய வீடு வாங்குகிறவர்கள் அண்ணாந்து பார்த்ததும் முகம் சுளிக்கிற சமாசாரம் இது. தலைக்கு மேல் வெள்ளை வெள்ளையாகக் குருணை ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் பொலபொலவென்று உதிரும். நூலாம்படை தட்டக்கூட வழியில்லை, துடைப்பத்தோடு சேர்ந்து பூச்சும் வந்துவிடும். சோளப்பொரியைத் தூவி ஒட்டினதுபோல இருப்பதால் அமெரிக்கர்கள் இதற்கு பாப்கார்ன் சீலிங் என்று பெயர் வைத்தார்கள். காட்டேஜ் சீஸ் சீலிங் என்ற பெயரும் உண்டு.

1950களிலிருந்து 1980கள் வரை இதற்கு அங்கே நல்ல மவுசு. காரணம் அழகு அல்ல, சோம்பல்தான். இருபுறமும் தாள் ஒட்டிய ஜிப்சம் பலகைகளை வைத்து உட்கூரை (சீலிங்) அடித்தால் இணைப்பு தெரியாமல் பட்டி பார்த்து, தேய்த்து, மட்டம் பிடிக்க வேண்டும். அதற்குப் பதில் குழாயால் இந்தக் குருணைக் கலவையைப் பீய்ச்சிவிட்டால் எல்லாக் குறையும் மறைந்துவிடும். எதிரொலியையும் கொஞ்சம் குறைக்கும்.

தமிழ்நாட்டு வீடுகளில் கான்கிரீட் தளத்தின் அடியில் சிமெண்டுப் பூச்சு பூசுவதோடு சரி. பண்டமே இல்லாததால் பெயரும் இல்லை. ஆனால் டொராண்டோவில், ஸ்கார்பரோ பக்கம் பழைய வீடுகளில் குடியிருந்துகொண்டு இதைச் சுரண்டி எடுக்க நினைக்கும் நம் ஆட்களுக்கு ஒரு பெயர் தேவைப்படுகிறது.

அப்படியே மொழிபெயர்த்து 'சோளப்பொரிக் கூரை' என்றால் குழப்பம்தான். நம் ஊரில் சோளத்தட்டையால் கூரை வேய்வதுண்டு. கேட்பவருக்கு அந்த நினைப்புத்தான் வரும். தவிர, கூரை என்பது வெயிலும் மழையும் தாங்கும் மேல்பாகம். அறைக்குள்ளிருந்து பார்த்தால் தெரிகிற அடிப்பக்கம் உட்கூரை. இங்கே சுரண்டப்போவது அந்த உட்கூரையைக்கூட அல்ல, அதன்மேல் உள்ள பூச்சை. ஆகவே என் ஓட்டு 'பொரிப்பூச்சு' என்ற சொல்லுக்கு.

பொரி என்றதும் அவல்பொரிதான் நினைவுக்கு வரும். ஆனால் சொரசொரப்பு என்ற பொருளும் அந்தச் சொல்லுக்குப் பழையது. நற்றிணை மூன்றாம் பாட்டில் 'பொரியரை வேம்பு' வருகிறது. பொரிந்த, அதாவது செதில் செதிலாக வெடித்த அடிமரத்தை உடைய வேப்பமரம். இன்றைக்கும் வெயில் காலத்தில் 'உடம்பெல்லாம் பொரிப்பொரியா இருக்கு' என்கிறோம். இன்னொரு பொருத்தமும் உண்டு. இந்தக் கலவையில் சேர்த்த வெர்மிகுலைட் என்ற கனிமம் சூட்டில் நிஜமாகவே பொரிந்து பல மடங்கு உப்புவது. பாப்கார்ன் என்ற பெயர் தோற்றத்தை மட்டும்தான் சொல்கிறது; பொரி என்ற சொல்லில் செய்முறையும் அடங்கிவிடுகிறது.

இதோடு சேர்த்துத் தெரிந்திருக்க வேண்டிய சொல் கல்நார். கல்லிலிருந்து கிடைக்கும் நார் என்பதால் அந்தப் பெயர். பேச்சு வழக்கில் ஆஸ்பெஸ்டாஸ். பழைய பொரிப்பூச்சில் இதைக் கலந்திருக்கிறார்கள். சும்மா இருக்கும்வரை பெரிய தொந்தரவில்லை. சுரண்டினால் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறந்து நுரையீரலில் தங்கும். புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். அலங்காரத்துக்காகக் கல்நார்க் கலவையைப் பீய்ச்சுவதை அமெரிக்கா 1978இல் தடை செய்தது. ஆனால் கையிருப்பில் இருந்ததைத் தீர்க்க விட்டார்கள். அதனால் 1980களின் தொடக்கத்தில் கட்டிய வீடுகளையும் நம்ப முடியாது. பிரிட்டனில் ஆர்டெக்ஸ் என்ற கோலப்பூச்சு உண்டு. அது பொரிப்பூச்சு அல்ல, சுழி சுழியாக இழுப்பது. அதிலும் 1980களின் நடுப்பகுதிவரை கல்நார் இருந்தது.

ஆகவே வீட்டிலேயே சுரண்டலாம் என்று நினைப்பவர் முதலில் சிறு துணுக்கை நனைத்து எடுத்து, பையில் மூடி, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கல்நார் இருந்தால் உரிமம் பெற்ற ஆட்களிடம் விட்டுவிடுவதே புத்தி. கல்நார் இல்லையென்றால் வேலை எளிது, அசிங்கம்தான் அதிகம். சாமான்களை வெளியேற்றி, தரையிலும் சுவரிலும் பிளாஸ்டிக் விரித்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, முகக்கவசம், கண்ணாடியோடு இறங்க வேண்டும். ஓர் ஆள் கை வீச்சுக்கு எட்டும் இடத்தில் மட்டும் தண்ணீர் தெளித்துக் கால் மணி நேரம் ஊறவிட்டு, அகலமான பட்டித் தகட்டைச் சாய்த்துத் தள்ளினால் ஈரக் கூழாக உரிந்து விழும். தகட்டின் முனை குத்தினால் அடியில் உள்ள பலகையின் தாள் கிழிந்துவிடும். அதனால் முனைகளை முன்கூட்டியே தேய்த்து மழுக்கிக்கொள்வார்கள். அப்புறம் பட்டி, உப்புத்தாள், பிரைமர், பெயிண்ட்.

பொரிப்பூச்சின் மேல் யாராவது பெயிண்ட் அடித்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. அப்போது சுரண்டலோடு மல்லுக்கட்டாமல், மேலேயே மெல்லிய ஜிப்சம் பலகையை அடித்து மூடிவிடுவதுதான் பலரும் செய்வது.