தோலில் ஆறிய தையல், உள்ளே ஆறாத தையல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தாதியாகப் பணியாற்றுகிறேன். கருப்பையை எடுத்துவிட்டு ஈப்போவிலிருந்து வீடு திரும்பும் பெண்களுக்கு முதல் வாரத்தில் நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வலியே அவர்களை அடக்கி வைத்துவிடுகிறது. எனக்குப் பயம் மூன்றாவது வாரம்தான்.

அப்போது வயிற்றுத் தையல் காய்ந்திருக்கும், முகம் தெளிந்திருக்கும். "நன்றாகத்தானே நடமாடுகிறாள்?" என்று வீட்டில் பேச்சு வரும். சும்மா உட்கார அவளுக்கே கூச்சமாகிவிடும். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் அக்கா ஒருவர் பதினெட்டாம் நாள் மூட்டை தூக்கினார். மாலையில் இரத்தப்போக்குடன் வந்து, "தையல்தான் ஆறிவிட்டதே, மிசி" என்று அழுதார்.

அவர் பார்த்தது தோலில் இருந்த தையலை. கருப்பையை அதன் வாயோடு சேர்த்து எடுக்கும்போது, பிறப்புறுப்புப் பாதையின் மேல்முனையை உள்ளே மூடித் தைக்கிறார்கள். அது உறுதிப்பட ஆறு வாரமாவது வேண்டும். வயிற்றில் சிறு துளைகள் மட்டும் போட்டுச் செய்த அறுவையிலும் அந்த உள்தையல் உண்டு. ஆகவே பத்துக் கிலோ அரிசிப் பை, கேஸ் தோம்பு, ஈரத்துணி வாளி, ஓடி வந்து தொற்றிக்கொள்ளும் பேரப்பிள்ளை, எதையும் தூக்க வேண்டாம். தாம்பத்திய உறவும் மருத்துவர் பரிசோதித்துச் சரி என்ற பிறகுதான். இதைக் கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்தே சொல்கிறேன். மனைவி மட்டும் கேட்டுக்கொண்டு போனால் வீட்டில் அவள் பேச்சு எடுபடுவதில்லை.

அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது. அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையலாம். வீட்டுக்குள் மெல்ல நடந்து, நாளுக்கு நாள் தூரத்தைக் கூட்டுங்கள். பத்தியம் என்று தண்ணீரையும் கீரையையும் பழத்தையும் நிறுத்தும் மாமியார்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: தண்ணீர் குடிப்பதால் புண்ணில் சீழ் பிடித்துவிடாது. மலச்சிக்கல் வந்து முக்கினால்தான் தையலுக்குக் கேடு.

சில வாரங்களுக்குப் பழுப்பு நிறத்தில் லேசான கசிவு இருக்கும், அது இயல்பு. ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைந்தாலோ, நாற்றமெடுத்தாலோ, காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ ஓயாமல் ஒழுகினாலோ உடனே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

"இனி நான் பொம்பளையா, மிசி?" என்று தலைகுனிந்து கேட்பவர்கள் உண்டு. கேட்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. கருப்பை பிள்ளையைச் சுமக்கும் பை. பெண்மைக்கான ஹார்மோன் சுரப்பது சினைப்பையில். சினைப்பைகள் இருந்தால் மாதவிடாய் மட்டும் நிற்கும். உடல் அனலாகும் மெனோபாஸ் கட்டம் உடனே வராது, சிலருக்குச் சற்று முன்னதாக வரலாம். இரண்டையும் எடுத்திருந்தால் சில நாள்களிலேயே அனலும் வியர்வையும் தொடங்கிவிடும், எலும்பும் தேயத் தொடங்கும். ஹார்மோன் மருந்து தனக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். கருப்பை வாயை விட்டுவைத்திருந்தால் அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனையும் தொடர வேண்டும். எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று தெரியாமலே பலர் வீடு வருகிறார்கள். வெளியேறும் முன் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சம்பளம் போய்விடும் என்றுதான் அந்த அக்கா மூட்டை தூக்கினார். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில், மருத்துவமனைச் சிகிச்சை தேவைப்படும் நிலைக்கு ஆண்டுக்கு 60 நாள்கள் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. எம்.சி. எனும் மருத்துவ விடுப்புச் சான்றிதழ் இரண்டு வாரத்தில் முடிந்தால், வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் போகும் முன் மருத்துவரிடம் வந்து உங்கள் வேலை எத்தகையது என்று சொல்லுங்கள். மூட்டையின் எடையையும் சொல்லுங்கள்.