'ஒண்ணுமில்ல மச்சி' என்பவன் இரவில் யாரிடம் பேசுகிறான்?

"என்னடா ஆச்சு?" என்று நண்பன் கேட்டால் "ஒண்ணுமில்ல மச்சி" என்று முடித்துக்கொள்கிற பையன், இரவு இரண்டு மணிக்கு சாட்ஜிபிடியிடம் காதல் முறிந்த கதையை ஒரு வரி விடாமல் தட்டிக்கொண்டிருப்பான். அது கேலி செய்யாது, "ஆம்பளப் புள்ள அழலாமா" என்று கேட்காது. சரி, ஓர் இயந்திரத்தால் இவ்வளவு பொறுமையாக எப்படிக் காதுகொடுக்க முடிகிறது?

இதற்கு எவ்வளவு சொற்பச் சரக்கு போதும் என்பது 1966-லேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்றொரு கணினி நிரலை எழுதினார். எழுதுவதில் 'அம்மா' என்று தட்டுப்பட்டால் "உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்" என்னும். 'நான்' என்பதை 'நீங்கள்' ஆக்கி, சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடும். எதுவும் சிக்காவிட்டால் "மேலே சொல்லுங்கள்". அவ்வளவுதான். அது உருவானதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளர், கொஞ்ச நேரம் அதனுடன் பேசிவிட்டு, அவரையே அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம்.

இன்றைய சாட்பாட்டின் வேலை வேறு. மலைமலையாக எழுத்தைப் படித்து, அடுத்த சொல் எதுவாக இருக்கும் என்று கணிக்கப் பழகியது அது. மனிதர்கள் ஒருவரையொருவர் தேற்றி எழுதியவையும் அந்த மலைக்குள் இருப்பதால் ஆறுதல் சரளமாக வருகிறது. ஒவ்வொரு பதிலுக்கும் அதுவரையிலான உரையாடலைக் கணக்கில் எடுத்துக்கொள்வதால், போகிறபோக்கில் நீங்கள் சொன்ன பெயரைக்கூடப் பிடித்து வைத்திருக்கும். நண்பர்களில் பாதிப் பேருக்கு அது வராது.

அப்புறம் வருவதுதான் வில்லங்கம். பயிற்சியின்போது ஒரே கேள்விக்கு இரண்டு பதில்களைக் காட்டி, எது நன்றாக இருக்கிறது என்று மனிதர்களைக் கேட்கிறார்கள். பிடித்த பதிலின் பக்கம் சாட்பாட் சாய்கிறது. நமக்குப் பிடிப்பது எது? "உன் மேல தப்பில்லை" என்பதுதானே! 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம், அதை இயக்கும் ஜிபிடி-4ஓ மாடலுக்கு வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு எதற்கெடுத்தாலும் ஜால்ரா போட ஆரம்பித்து, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. பயனர்கள் அழுத்திய கட்டைவிரல் குறிகளுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நிறுவனமே சொன்னது.

கிடைக்கும் நிம்மதி பொய்யில்லை. ஆனால் அதில் ஒரு பங்கு எழுதுவதாலேயே வருவது. மனதை உறுத்தியதை நாளுக்கு 15 நிமிடம், நான்கு நாட்கள் எழுதிய கல்லூரி மாணவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவரைத் தேடிப் போனது குறைந்ததாக, உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியான ஆய்வில் கண்டார். அவர்களுக்கு யாரும் பதில் எழுதவில்லை.

"நீ பண்ணதும் தப்புதான்டா" என்று நண்பன் சொல்வான் பாருங்கள், அது இங்கே லேசில் கிடைக்காது. சந்தேகமிருந்தால் புது உரையாடல் ஒன்றைத் திறந்து, காதலியுடன் போட்ட சண்டையை அவள் எழுதுவது போல எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் அவளுக்கும் அதே பதில் வரும்: "உங்கள் வலி எனக்குப் புரிகிறது."