'இயற்கை' என்று எழுதியிருப்பதை நம்பி கொழுப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் இது இப்போது வாடிக்கையாகிவிட்டது. இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (சின்ன வலைக்குழாய்) வைத்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. கொழுப்பைக் குறைக்கும் 'ஸ்டாட்டின்' வகை மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டினை நிறுத்திவிட்டு, தாவரத்திலிருந்து எடுக்கும் பிளான்ட் ஸ்டெரால் டப்பாவோடு வந்து நிற்கிறார்கள். கேட்டால், "இது இயற்கை சார், கிட்னிக்கு ஒண்ணும் பண்ணாது." ஸ்டாட்டின் கிட்னியைக் கெடுக்கும் என்று யார் சொன்னது? அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கொடுக்கும் மாத்திரையை விட்டுவிட்டு, கைக்காசைப் போட்டு டப்பா வாங்குகிறார்கள்.

ஸ்டெரால் வேலை செய்யும். தினம் 2 கிராம், சாப்பாட்டோடு எடுத்தால் இரண்டு மூன்று வாரத்தில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 8 முதல் 10 சதவீதம் இறங்கும். அதாவது 160 இருந்தால் 144. அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் அதே 160ஐ ஏறக்குறைய பாதியாக்கும். ஸ்டென்ட் வைத்தவருக்கு 70க்குக் கீழே, முடிந்தால் 55க்கும் கீழே இருக்க வேண்டும். 144ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஸ்டாட்டின் உயிரைக் காக்கும் என்பது 1994லேயே பெரிய ஆய்வில் தெரிந்துவிட்டது. ஸ்டெரால் மாரடைப்பைத் தடுத்ததாகக் காட்டிய ஆய்வு எதுவும் இல்லை.

"ரிப்போர்ட் நார்மல் ஆயிடுச்சு, அப்புறம் எதுக்கு மாத்திரை?" அந்த நார்மலே மாத்திரையால் வந்ததுதான், அம்மா. நிறுத்தினால் சில வாரங்களில் பழைய அளவுக்கே ஏறிவிடும்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஒரு கேப்ஸ்யூலில் 400 மில்லிகிராம், தினம் ஒன்று என்று போட்டிருந்தால் அது தேவையில் ஐந்தில் ஒரு பங்கு. 2 கிராம் வேண்டுமென்றால் தினம் ஐந்து. 60 கேப்ஸ்யூல் பன்னிரண்டே நாளில் தீரும். 'ஸ்டெரால் எஸ்டர்' என்றிருந்தால் இன்னும் குறைவு: 1 கிராம் எஸ்டரில் ஸ்டெரால் சுமார் 600 மில்லிகிராம்தான். காலையில் வெறும் வயிற்றில் டீயோடு விழுங்குவதில் பலனில்லை. மதியச் சாப்பாட்டோடு எடுங்கள். 3 கிராமுக்கு மேல் போனால் கூடுதல் லாபமில்லை. ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு இதனால் பெரிதாகக் குறையாது.

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சிறு குழந்தைகளுக்கு வேண்டாம். பிள்ளைக்கு முழங்கையிலோ குதிகாலுக்கு மேலோ மஞ்சள் கட்டி இருந்தால், அதுவும் சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பம் என்றால், ஸ்டெராலைத் தொடவே தொடாதீர்கள். ஸ்டெரால் ரத்தத்திலேயே தேங்கும் ஒரு பரம்பரை நோய் அரிதாக உண்டு. மற்றவர்கள் எடுத்தால் முருங்கைக்கீரை, கேரட், பூசணியைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஸ்டெராலால் ரத்தத்தில் பீட்டா கரோட்டின் (உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றும் சத்து) கொஞ்சம் குறையும்.

மாத்திரையால் உடம்பு வலி என்றால் தயவுசெய்து வந்து சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டின் மாற்றலாம். வரும்போது டப்பாவையும் கடைசி ரத்த ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்து வாருங்கள்.