சப்ளை செயின் – வழங்கல் தொடர்

மலையாளத்தில் சப்ளை செயினை 'விதரண ஶ்ருங்கல' என்று எழுதுகிறார்கள். தமிழ்ப் பத்திரிகைகளில் 'விநியோகச் சங்கிலி'. இரண்டிலும் ஒரே குறை. விநியோகம் என்றதும் நமக்கு ரேஷன் கடைதான் நினைவுக்கு வருகிறது. முடிந்த பொருளைப் பங்கிட்டுத் தருவது அது. சப்ளை செயினில் அது கடைசிக் கண்ணி மட்டுமே. மூலப்பொருள், உதிரிபாகம், லாரி, கிடங்கு, ஆலை எல்லாம் அதற்கு முன்னால் வருகின்றன.

'சப்ளை'யின் லத்தீன் வேருக்கு 'நிரப்பு' என்று பொருள். இலங்கைத் தமிழில் 'நிரம்பல்' என்பது அதற்கு மிக நெருக்கம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'அளிப்பு'. 'சப்ளை செயின் மேனேஜ்மென்ட்' என்ற தொடரை 1982இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கீத் ஆலிவர் என்ற நிர்வாக ஆலோசகர்.

நான் பரிந்துரைப்பது 'வழங்கல் தொடர்'. பழந்தமிழில் 'வழங்கு' என்றால் கொடுப்பது மட்டுமல்ல, நடமாடுவதும்தான். மிளகுப் பொதி சுமந்த 'கழுதைச் சாத்தொடு வழங்கும் உல்குடைப் பெருவழி' என்கிறது பெரும்பாணாற்றுப்படை. சாத்து என்பது வணிகக் கூட்டம், உல்கு என்பது சுங்கம். சரக்கு, வழி, அரசின் கை மூன்றும் அந்த வரிகளிலேயே இருக்கின்றன.

அரசின் கை எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்குத் தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள வாளையாறே சாட்சி. ஜி.எஸ்.டி.க்கு முன் வணிகவரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். கோவை ஃபவுண்டரியில் ஊற்றிய வார்ப்பு எல்லைக்கு அப்பால் பாலக்காட்டுப் பக்கம் உள்ள கஞ்சிக்கோட்டு லேத்துக்கு எப்போது வந்து சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. லோடு வராவிட்டால் லேத் நிற்கும், ஆபரேட்டருக்குக் கூலி ஓடும். உற்பத்தித்திறன் விழுவது அங்கேதான். தொழிலாளியின் கை சோர்ந்ததால் அல்ல. லேத் நிற்பதற்குப் பயந்து முதலாளி கூடுதல் ஸ்டாக் வாங்கி அடுக்குவார். பணம் கிடங்கில் முடங்கும், வட்டி ஏறும்.

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரிச்சாவடிகளின் வேலை முடிந்தது. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் (ஜி.எஸ்.டி. இணையதளத்தில் எடுக்கும் மின்னணுப் பயணச் சீட்டு) கட்டாயம். 2021 முதல் சாதாரண லாரிக்கு அது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லுபடியாகும். அதற்கு முன் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள். வழியில் வண்டி பழுதானால் கெடு முடியும் நேரத்துக்கு முன்போ பின்போ எட்டு மணி நேரத்துக்குள் நீட்டித்துக்கொள்ளலாம்.